சுகர் பாப்பாவுக்கு ஒரு விதவுட்

ஜாபஸின் அம்மா ஜெயகுமாரி, பெரியவர்கள் கல்யாணத்தைப் பேசி முடிப்பதற்கு முன் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்றதும், ரெனிதா கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருக்கும் தன் வழக்கமான டிபன் ஓட்டலைத்தான் சொன்னாள். பதற்றமில்லாமல் அவளால் உட்கார முடிகிற இடம் அது ஒன்றுதான்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அம்பத்தூரில், தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அதை விட மாட்டாள். ஜாபஸுக்கு ஆட்சேபம் இல்லை. "அம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லிடு" என்று நழுவிவிட்டான். பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, ரெண்டு நாளா ஆளையே காணோம்? ஜுரமா?" சப்ளையர் வேம்புலி மேசையைத் துடைத்துக்கொண்டே ஜெயகுமாரியைப் பார்த்தார். "இது யாரு, அத்தையா?"

ரெனிதாவின் காது மடல்கள் சுட்டன.

"இன்னும் ஆகல" என்றார் ஜெயகுமாரி.

வேம்புலிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தங்கமான பொண்ணும்மா. வாயே தொறக்காது. நான் இன்னா வெச்சாலும் துன்னுட்டு போயிகினே இருக்கும்."

"அதுவும் நல்லதுதான்." ஜெயகுமாரி சிரித்துவிட்டு ரெனிதாவிடம் திரும்பினார். "ஜாபஸுக்கு ஷிப்ட் வேலை. வீட்டுல ஒரு ஆள் இருந்தா தேவல. எங்க மாங்காட்டு வீட்டுலேர்ந்து அம்பத்தூருக்கு தினம் அலையறது உனக்கும் கஷ்டம்தானே?"

ரெனிதா தலையை ஆட்டினாள். ஆட்டி முடித்த பிறகுதான் ஆட்டியது தெரிந்தது.

"ரெண்டு காபி" என்றார் ஜெயகுமாரி.

வேம்புலி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஒரு காபி! நம்ம சுகர் பாப்பாக்கு ஒரு விதவுட்டு!"

ஜெயகுமாரி நிமிர்ந்தார். "சுகரா?"

"ஆமாம்மா. இந்த வயசுல, பாவம். ஆனா நான் பாத்துக்கினுதான் கீறேன். ரெண்டு வருசமா இனிப்பையே கண்ல காட்டல. வெள்ளிக்கெழம எல்லாருக்கும் கேசரி வெச்சேன், இதுக்கு மட்டும் வெக்கலியே!"

அவர் போனதும் ஜெயகுமாரியின் குரல் தாழ்ந்தது. "எத்தினி வருசமா இருக்கு? ஜாபஸுக்குத் தெரியுமா? உங்க வீட்டுல மறைச்சிட்டாங்களா?"

"எனக்கு சுகர் இல்ல ஆன்ட்டி."

"அப்ப அவரு ஏன் அப்படிச் சொல்றாரு?"

சொன்னாள். இங்கே வந்த முதல் நாள், பக்கத்து மேசைக்காரருடைய சர்க்கரை போடாத காபியை வேம்புலி இவளிடம் மாற்றி வைத்துவிட்டார். பேசாமல் குடித்தாள். மறுநாள் கேட்காமலே அதையே கொண்டுவந்தார். வேண்டாமென்றால் அவர் முகம் வாடிவிடுமே என்று அன்றும் குடித்தாள். ஒரு வாரம் போனபின் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆறு மாதம் போனபின், சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்.

"கசக்காதா?"

"கசக்கும்."

காபி வந்தது. ஜெயகுமாரி சிரிக்கவில்லை.

"ஓட்டல்ல வேலை செய்யறவருகிட்டயே இப்படின்னா, எங்க வீட்டுல நீ எதையெல்லாம் முழுங்குவ? இப்ப நான் சொன்னதுக்குத் தலைய ஆட்டுனியே, அது என்ன? அதுவும் விதவுட்டா?"

பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் எங்கோ போய்விட்டிருந்தது.

"நான் வேலைய விட மாட்டேன் ஆன்ட்டி."

சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து மேசையில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஜெயகுமாரி இரண்டு வாய் காபி குடித்தார். "எனக்கு இது பிடிக்கல" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "காலைல எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"ஏழேகால்."

"அப்ப சமையல் யாரு பண்றது?"

"நான் மட்டுமே பண்ண முடியாது."

"ஜாபஸுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதும்மா."

"கத்துக்கட்டும் ஆன்ட்டி."

ஜெயகுமாரி காபியை முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் வீட்டுக்கு வா. அவன் சமைக்கட்டும். நான் மட்டும் தனியா மாட்டிக்க முடியாது, நீயும் வந்து சாப்பிடு."