சீமாட்டியின் கிண்ணம்

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தி ஐம்பது நாள் ஆகியிருந்தது. இடையில் தூது போகிற வேலை நாய்க்கு.

"சீமாட்டி, சாப்பாடு மூடி வெச்சிருக்குன்னு அவகிட்ட சொல்லு" என்பாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சீமாட்டி, நான் வெளியிலேயே சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பாள் தங்கை, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

சீமாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும். எட்டு வயதில் வந்து சேர்ந்த உத்தியோகம்.

எல்லாம் ஒரு கோட்டால் வந்த வினை. தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய வெள்ளைக் கோட்டை அக்கா இரண்டு அங்குலம் குட்டையாகத் தைத்துவிட்டாள். தப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். "கோட்டு சரியாத்தான் இருக்கு, நீதான் வளர்ந்துட்ட" என்றாள். முப்பது வயதில் வளர்ந்துவிட்டாளாம்.

நாலு நாளாகச் சீமாட்டி சாப்பாட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று காலை எழுந்திருக்கவே இல்லை. தங்கை ஒரு போர்வையை விரித்தாள். அக்கா வந்து மறுமுனையைப் பிடித்தாள். அடுத்த தெருவிலிருந்த கால்நடை மருத்துவர் வீடு வரைக்கும் இருவரும் பேசாமலே தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மருத்துவர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சீமாட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"வாந்தி?"

"நேத்து ஒரு தடவை" என்றாள் அக்கா.

"பின்பக்கம் சீழ், ரத்தம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லைங்க."

"தண்ணி நிறைய குடிக்குதா?"

"இல்லைங்க. காலையில ஒரு கிண்ணம் ஊத்துவேன். எப்பவும் அதேதான்."

மருத்துவர் பேனாவை எடுத்தார். "வயிறு கெட்டிருக்கும் போல. மருந்து தர்றேன், ரெண்டு நாள் பாருங்க."

கதவோரம் நின்ற தங்கை உள்ளே வந்தாள். அக்கா தண்ணீர் ஊற்றுகிறாளா? சாயங்காலம் வரும்போதெல்லாம் கிண்ணம் காய்ந்து கிடக்குமே. என் மேல் இருக்கிற கோபத்தில் நாயைக்கூடக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்றுதானே நினைத்தாள்!

"சீமாட்டி," என்றாள் பழக்கத்தில். "ஒரு கிண்ணம் இல்லைன்னு சொல்லு. நானும் வேலை விட்டு வந்ததும் ஒண்ணு ஊத்தறேன். படுக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு."

அக்கா திரும்பினாள். "நீயும் ஊத்தறியா? காலையில காலியா கிடக்கும், நீ ஊத்தறதே இல்லைன்னு நினைச்சேன்டி!"

"ஒரு லிட்டர் கிண்ணம். மொத்தம் மூணு லிட்டர்" என்றாள் தங்கை.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்து ரத்தம் கசிஞ்சது?"

"ஏழு வாரம் ஆச்சு" என்றாள் அக்கா. "அப்ப நான்தான் சீமாட்டிக்கு ஜட்டி தைச்சேன். இடுப்பு இருபத்திரண்டு அங்குலம்." கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிச் சீமாட்டியின் இடுப்பை அளந்தாள். இருபத்தைந்து.

ஸ்கேன் திரையில் கறுப்புப் பைகள் வரிசையாகத் தெரிந்தன.

"கர்ப்பப்பை முழுக்க சீழ். வாய் மூடியிருக்கறதால வெளியே எதுவும் வரலை. அந்த விஷத்துலதான் இவ்வளவு தாகம். ரெண்டு நாள் விட்டிருந்தா உள்ளேயே உடைஞ்சிருக்கும். இப்பவே எடுத்தாகணும்."

"பிழைச்சுக்குவாளா?"

"பாக்கலாம். உடையறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க."

சீமாட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் இருவர் மட்டும். தூது போக ஆள் இல்லை.

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாள் அக்கா.

"எத்தனாவது கிண்ணம்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். தங்கை கொஞ்சம் நகர்ந்து தோளை அவள் பக்கம் சாய்த்தாள்.

ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எடுத்தாச்சு. முழுசா, உடையாம வந்துடுச்சு. ஒன்றரைக் கிலோ. கண்ணைத் திறந்துட்டா."

போன உயிர் திரும்பி வந்தது இருவருக்கும்.

"தையலை நக்க விடக் கூடாது. மேல சட்டை மாதிரி ஏதாவது போட்டு விடுங்க."

"என் கோட்டை வெட்டிடு" என்றாள் தங்கை. "ஏற்கெனவே பாதி நாய் சைஸ்தான்."

"சரிடி. குட்டையாத்தான் தைச்சேன். போதுமா?"

"போதும்."

ஐந்தாம் நாள் சாயங்காலம் தங்கை வேலையிலிருந்து வந்தாள். வெள்ளைக் கோட்டுக்குள் சீமாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"காலையில ஊத்தினியா?"

"ஒரே ஒரு தடவை."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். கிண்ணத்தில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.