புரியாத கையெழுத்து நிற்காத ஆஸ்பத்திரி

அறுவைச் சிகிச்சைப் பிரிவு புதுக் கட்டடத்துக்கு மாறிய மூன்றாவது வாரத்திலிருந்து, புரியாமல் போட்ட எந்தக் கையெழுத்தும் அங்கே சம்மதப் படிவத்தில் நிற்கவில்லை. மை ஒரு நிமிடம் சாதுவாக இருக்கும். பிறகு எழுத்து எழுத்தாக நழுவி, காகிதத்தின் கீழ் ஓரத்தில் திரண்டு, தரையில் சொட்டும். முதலில் பேனாவைத்தான் சந்தேகித்தார்கள். நாலு விதப் பேனா மாற்றிப் பார்த்தார்கள். கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அதுவும் ரேகை ரேகையாக இறங்கிப் போயிற்று. கடைசியில் தலைமை டாக்டருக்கே குடலிறக்கம் வந்தது. பத்து வருஷமாகப் பிறரிடம் தான் நீட்டிவந்த படிவத்தில் அவர் படிக்காமலே கையெழுத்துப் போட, அது அவர் செருப்பிலேயே சொட்டியது. பெரிய மனசுக்காரர், சிரித்துவிட்டார். உட்கார்ந்து முழுசாகப் படித்து மறுபடி போட்டார், நின்றது. அன்றுதான் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது.

அதற்குப் பிறகு ஒரு நிமிஷ வேலை ஒரு மணி நேர வேலையாயிற்று, அதில் வசமாக மாட்டிக்கொண்டவர் மொழிபெயர்ப்பாளர். பல தேசத்து ஆட்கள் வேலைக்கு வந்து தங்கிய ஊர் அது. அந்த அம்மாளுக்கு ஐந்து மொழி தெரியும். படுக்கை விரிப்பு அடுக்கும் அறையை ஒழித்து அவருக்கு இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். நர்ஸுகள் அவரை முகத்துக்கு நேராகவே 'ரெட்டைவாய்' என்று கிண்டல் செய்வார்கள், அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு பொறுமையை வேறு யாரிடமும் பார்க்க முடியாது. பித்தப்பை என்றால் என்னவென்று ஒருவருக்கு விளங்க வைக்க, உள்ளே பட்டன்களைக் கல்லாகப் போட்ட பழைய சுருக்குப்பை ஒன்றை ஒரு வாரம் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர் அவர்.

அந்த வருஷம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரை மகள் அழைத்து வந்தாள். வயிற்றில் கட்டி, சாப்பாடு இறங்கும் வழியை அடைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது என்றார் தலைமை டாக்டர். மெக்கானிக்கின் தேசத்தில் பெரிய நோயின் பெயரை நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். வீட்டில் ஒருவர் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வார். படுத்திருப்பவர் தெம்பாக இருக்கட்டும் என்று. "சொன்னீங்கன்னா அப்பா அன்னைக்கே பாதி போயிடுவாரு," என்றாள் மகள். டாக்டர் படித்து வளர்ந்த இடத்திலோ, உடம்பு யாருடையதோ அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். "அவருக்குத் தெரியாம அவர் வயித்துல நான் கத்தி வைக்க மாட்டேன்," என்றார். இரண்டு பேரும் அந்த மனிதருக்காகத்தான் மல்லுக்கு நின்றார்கள்.

மொழிபெயர்ப்பாளரும் மகளுடைய தேசத்துக்காரர்தான். கட்டிலருகே டாக்டர் 'புற்று' என்று சொன்னபோது, அவர் நாக்கு அதைப் 'புண்' என்று மாற்றிவிட்டது. மெக்கானிக் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். மை போர்வையெல்லாம் சொட்டியது. நோயாளிக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம், அந்த அம்மாள் அப்படிச் செய்யவில்லை. "தப்பு என்னோடது டாக்டர். நான்தான் மாத்திச் சொன்னேன்," என்றார். டாக்டர் கோபத்தில் எழுந்து போய்விட்டார். மகள் கையெழுத்துப் போட்டுப் பார்த்தாள். உடம்பு அவளுடையதல்ல, அதுவும் இறங்கிப் போயிற்று. இப்படியே புதன் போய்விட்டது. மெக்கானிக்குக்குத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அந்த அம்மாள் டாக்டரையும் மகளையும் தன் விரிப்பு அறையில் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டு, ஒருவர் பயத்தை மற்றவருக்கு ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னார். அதற்கு அரைமணி ஆயிற்று. அப்புறம் சொன்னார்: "நாம மூணு பேரும் அடிச்சுக்கறோம். அவர்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே." மகள் அரை மனதாகச் சரி என்றாள்.

அந்த அம்மாள் கட்டிலருகே போய்க் கேட்டார்: "ஐயா, உங்க உடம்பைப் பத்திச் சேதி இருக்கு. சில பேரு முழுசாத் தெரியணும்பாங்க. சில பேரு வீட்ல ஒருத்தர்கிட்டச் சொல்லச் சொல்வாங்க. உங்களுக்கு எப்படி?"

மெக்கானிக் மகளைப் பார்த்தார். "இவ மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே, கோளாறு பெரிசுன்னு. பேரு எனக்கு வேணாம், அதை இவகிட்டக் குடுங்க. லிஃப்ட்ல ஏறறவன் கம்பி எத்தனை இழைன்னா கேக்கறான்? என்ன செய்யப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க." சொன்னார்கள்: வயிற்றில் பாதி போகும், பிழைக்காமலும் போகலாம். "ஆயிரம் பேரை மேல அனுப்பியிருக்கேன், எல்லாரும் பத்திரமா இறங்கி வந்துட்டாங்க. என்னை அனுப்பறவரும் கெட்டிக்காரரா இருந்தா சரி," என்றார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் படிவத்தின் ஓரத்தில் தன் கையால் எழுதினார்: நோயின் பெயர் வேண்டாம் என்று இவரே தெரிந்து சொன்னார், அதை மகளிடம் சொல்லச் சொன்னார். மெக்கானிக் கீழே கையெழுத்துப் போட்டார். நால்வரும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடமாயிற்று. மை அசையவில்லை. மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை கட்டியை எடுத்தார்கள், மனிதர் பிழைத்தார். டாக்டர் அந்த ஒரு கேள்வியை ஐந்து மொழியிலும் மனப்பாடம் செய்துகொண்டார். உச்சரிப்பு கொடுமை, ஆனாலும் அதை முதலில் கேட்காமல் அவர் படிவத்தைத் தொடுவதில்லை. மெக்கானிக் வருஷா வருஷம் பரிசோதனைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் வாசலில் மகள், "பேரைச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்பாள். "இன்னைக்கு வேணாம்மா," என்பார். ஏழாவது வருஷம், "சரி, சொல்லு," என்றார். சொன்னாள். அவர் அவள் தலையைத் தடவி, "இத்தனை வருஷமா இதை நீ ஒருத்தியாவா தூக்கிட்டுத் திரிஞ்சே?" என்று கேட்டுவிட்டு, அவள் கைப்பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.