ஆலைக் கூரையைத் தாண்டிய பந்து

பேஸ்பாலில் லெமுவல் கெயின்ஸ் மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்ட ஹோம் ரன், அடித்த அன்று நானூற்றைம்பது அடி போனது. நாற்பது வருடங்களில் அது அறுநூற்றைத் தாண்டிவிட்டது. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்தடி சேர்த்தால் வேறென்ன ஆகும்? ஆனால் மர அறுவை ஆலையின் கூரையைத் தாண்டியது சத்தியமான உண்மை. ஓட்டிஸ் புரூயிட்டே அதற்குச் சாட்சி. பந்தை வீசியவரே அவர்தான்.

அப்போது ஓட்டிஸ், ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் பேஸ்பால் ஆடிய கறுப்பர் அணி ஒன்றில் இருந்தார். அந்த அணிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் கைக்கு வந்த பிறகு, உள்ளூர்ப் பலசாலிக்கு ஒரு பந்தை மெதுவாக, அடிக்க வாகாகப் போட்டுக் கொடுப்பார்கள். ஊர் மனம் குளிர்ந்தால் மறுநாளும் கூட்டம் வரும். ஓட்டிஸும் அப்படித்தான் போட்டார். பிறகு இந்த அலபாமா ஊரிலேயே பெண் எடுத்து, லெமுவலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் ஆனார். இந்த விஷயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

இப்போது லெமுவலின் இருதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்த ஓட்டிஸை வாசலிலேயே மறித்தாள் லெமுவலின் மனைவி ஒசெல்லா.

“அண்ணே, அந்தப் பந்தைப் பத்தி உங்ககிட்ட கேக்கணுமாம். மனசு நோகாம ஏதாவது சொல்லுங்க.”

பொய் சொல்வதென்று முடிவு செய்துகொண்டுதான் ஓட்டிஸ் உள்ளே போனார்.

“என்னடா மூஞ்சி இது? நான் இன்னும் போகலடா,” என்றார் லெமுவல். “உக்காரு. அன்னிக்கு எனக்குப் போட்டுக் குடுத்தியா?”

“போடா. இருக்குறதுலயே வேகமானதத்தான் போட்டேன்.”

லெமுவல் இருமி இருமிச் சிரித்தார்.

“புளுகாத. பந்துல இருந்த தையல எண்ணினேன்டா நான். அவ்வளவு மெதுவா வந்துச்சு.”

“தெரியும்ல, அப்புறம் ஏன் கேக்குற?”

“உன் வாயால கேக்கணும்னுதான். மறுவாரம் சிகாகோலேர்ந்து ஒரு பெரிய டீம் ஆளனுப்பிக் கூப்பிட்டுச்சு. நான் போகல. நீ போட்ட பிச்சைய வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்க வெக்கமா இருந்துச்சு.”

சிகாகோ சமாச்சாரம் ஓட்டிஸுக்குத் தெரியவே தெரியாது. நண்பனின் பெருமையைக் காப்பாற்றுவதாக நினைத்து நாற்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர் அவர்.

“அட மடையா! வேகமா வர்ற பந்துன்னா பாதி வேலைய அதுவே செஞ்சிடும். நான் போட்டதுல ஒண்ணுமே இல்லடா, செத்த பந்து. கூரையத் தாண்டுனது முழுக்க உன் கை. அதே பந்த முப்பது ஊர்ல முப்பது பேருக்குப் போட்டேன். வேலியக்கூடத் தாண்ட ஒருத்தனாலயும் முடியல.”

சொல்லும்போதே ஓட்டிஸ் அழுதுவிட்டார். “அன்னிக்கே சொல்லியிருக்கணும்டா. மன்னிச்சுக்கடா.”

லெமுவல் அவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“முப்பது பேரா?”

“முப்பது பேர்.”

“ஒருத்தனுமா?”

“ஒருத்தனும் இல்லடா.”

“ஒசெல்லா!” லெமுவலின் குரல் திடீரென்று கணீரென்றது. “அடுப்ப அணைச்சுட்டு இங்க வா. டேய், மறுபடி முதல்லேர்ந்து சொல்லு. அவளும் கேக்கட்டும்.”