ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு

“அந்தச் சனியன மொதல்ல ஊட்ட உட்டு வெளிய எடுத்துப் போடுங்க!” சவப்பெட்டிமேல் சாய்ந்தபடியே அம்மா கத்தினாள்.

செலஸ்டின் மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூலைக்குப் போனார். அங்கே மேசைமேல், மூடி கழற்றிய மைக்ரோ ஓவன் கிடந்தது. ஏதோ காட்டேஜிலிருந்து ரிப்பேருக்கு வந்தது. அதற்குள் கையை விட்டுத்தான் முந்தாநாள் அப்பா செத்துப்போனார். பெர்ன்ஹில்லில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்த அம்புரோஸ்!

“மாமா, தொடாதீங்க!” லிஜி பாய்ந்து வந்தாள்.

“ப்ளக்குதான் புடுங்கியிருக்குதே கண்ணு?”

“அன்னிக்கும் புடுங்கித்தானுங்க இருந்துச்சு.”

கூடத்திலும் அதே பேச்சுதான். கரண்டே இல்லாத மிஷின் ஆளை அடிக்குமா, எல்லாம் விதி என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். விதியாம்! விதிக்கு என்ன தெரியும்? உள்ளே தகர டப்பா மாதிரி ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கினாலும் அது சேர்த்து வைத்த கரண்டை விடாது. மரப்பிடி ஸ்க்ரூடிரைவரை அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தால் ‘டப்’பென்று வெடித்து இறங்கும். அப்புறம்தான் கை வைக்கலாம்.

அப்பாவுக்குக் காது மந்தம், கண்ணில் புரை. வெடித்ததா என்று லிஜிதான் சொல்ல வேண்டும். “ஆச்சா கண்ணு?” என்பார். “ஆச்சுப்பா” என்று அவள் சொன்னால்தான் கை உள்ளே போகும்.

அன்றைக்கும் கேட்டார். அம்மா லவ்டேலுக்கு வேலைக்குப் போயிருந்தாள். லிஜி செல்போனில் யாருடைய கல்யாணப் புடவையையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் அவள் காதில் விழவில்லை. “ஆச்சுப்பா” என்றாள்.

பெட்டியை மூடுவதற்குள் இதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாயெடுக்கிறாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவரப் போய்விடுகிறாள். இப்போது வாசலில் பாதரே வந்துவிட்டார்.

லிஜி அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். குனிந்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், முனைகளுக்குக் குறுக்கே வைத்தாள்.

சத்தம் வரவில்லை. அழுத்தி வைத்தாள். ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் அன்றைக்கே அப்பா மேல் இறங்கிவிட்டது.

“ஆச்சா கண்ணு?” என்றாள் அம்மா.

“சத்தம் கேக்கலம்மா.” என்றாள் லிஜி. “அன்னிக்கும் எனக்குக் கேக்கல.”

அம்மா பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். லிஜி ஸ்க்ரூடிரைவரை முனைகளிலிருந்து எடுக்கவேயில்லை.