அப்பா வைத்த அளவு

சிறி லப்டொப் திரையில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நாலு பேர் சோபாவைத் தூக்கிக் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு அப்பாவின் பெட்டி வீட்டுக்கு வரும். ஒரு மணித்தியாலம் ஹோலில் வைத்திருந்துவிட்டுத் தகனசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மொத்தம் பத்துக் கோடுகள். இடப்பக்கம் மிருதங்க அடி போன்ற கனத்த ஒலிகள். வலப்பக்கம் போகப் போகக் கைத்தாளம், சொற்களில் வரும் ச, த போன்ற மெல்லிய ஒலிகள். கோட்டை ஏற்றினால் அந்த ஒலி கூடும், இறக்கினால் குறையும். இரண்டு வருடத்துக்கு முன் சிறிதான் மெல்பேர்னிலிருந்து வந்து இந்த மியூசிக் சேர்வரைப் பூட்டிக் கொடுத்தான். அப்பாவின் நானூறு சீடீக்களையும் அதில் ஏற்றினான். ஹோலில் ஒன்பது இடத்தில் மைக் வைத்து அளந்து ஈக்குவலைசர் என்ற இந்தக் கோடுகளைச் சரிசெய்தான். தேவாரம் போட்டால் ஓதுவார் பக்கத்தில் இருந்து பாடுவதுபோல இருந்தது.

இன்று அவன் திறந்தபோது திரையில் இருந்தது அப்பாவின் வேலை. இடப்பக்கத்து நாலு கோடுகள் சமமாக நின்றன. பிறகு படிக்கட்டு மாதிரி ஏறி, கடைசி மூன்றும் உச்சியில் முட்டிக்கொண்டு இருந்தன. பாட்டைப் போட்டால் தகரத்தில் ஆணி கீறுவதுபோல இருந்தது.

போன தீபாவளிக்கு வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. சிறி திருத்தினான். அடுத்த நாள் காலையில் அப்பா பழையபடி ஏற்றி வைத்திருந்தார். "உங்களுக்கு நல்ல சாமான் சரிவராது அப்பா. ஒரு ரேடியோப் பெட்டி காணும்" என்று சிறி சொன்னான். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அன்று போன சிறி ஐந்து மாதமாக வரவில்லை.

ரெலிபோன் எடுத்தாலும் அப்பாதான் வருவார். அம்மாவிடம் கொடுங்கோ என்றால், அம்மா குசினியில் நிற்கிறா, சொல்ல வேண்டியதை என்னிடம் சொல் என்பார். சிறிக்கு அது பொறுக்க முடியாமல் இருந்தது. பெற்ற தாயோடு கதைக்க ஒரு மனிதனிடம் அனுமதி கேட்க வேண்டுமா? செவ்வாய்க்கிழமை செவன் ஹில்ஸ் ஸ்டேசன் படியில் அப்பா விழுந்து இறந்த செய்தி வந்தபோது, முதலில் மனதில் எழுந்ததும் அந்தக் கோபம்தான். அதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபத்தை இன்னும் கூட்டியது.

"தம்பி, அதை அப்பா வைச்சபடி விடன்" என்றார் கணேசலிங்கம். அடுத்த தெருக்காரர். அப்பாவோடு முப்பது வருடச் சிநேகம். "அவர் அதிலை ஒருத்தரையும் கைவைக்க விடமாட்டார்."

"அவருக்கு இதைப்பற்றி ஒண்டும் தெரியாது, அங்கிள்."

"ஓமோம். மெல்பேர்ன் இஞ்சினியர் வந்திட்டார். இனி சுவாமியும் உன்ரை மைக்காலை அளந்துதான் வரவேணும்."

யாரோ சிரித்து, இடம் நினைவு வந்து நிறுத்தினார்கள். பழைய அளவின் மேல் புதியதைப் பதியவா என்று திரை கேட்டது. சிறி ஓம் என்று அழுத்தினான்.

அம்மாவிடம் போய் தான் எந்த வேட்டியைக் கட்டுவது என்று கேட்டான். பவளம் யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டாம் தரம் கேட்டான். திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டனியோ?" என்றாள். நேற்று முழுவதும் இதே மாதிரித்தான். அதிர்ச்சி என்று வந்தவர்கள் சொன்னார்கள். தன்னோடு கோபம் என்று சிறி நினைத்தான். ஐந்து மாதம் வராதவனுக்கு வேறு என்ன மறுமொழி கிடைக்கும்?

பெட்டி வந்தது. குருக்கள் கிரியையை முடித்தார். பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். ஸ்பீக்கரில் ஓதுவாரின் பதிகம் ஹோல் முழுவதும் நிறைந்து, ஒரு சொல்லும் கலையாமல் ஓடியது. அப்பா ஒருநாளாவது இதை இப்படிக் கேட்டிருக்கலாம் என்று சிறி பல்லைக் கடித்துக்கொண்டான்.

தலைமாட்டில் கதிரையில் இருந்த பவளம் நிமிர்ந்தாள்.

"சிறி, ஏன் பாட்டைப் போடேல்லை?" குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது. "அப்பா வெளிக்கிடப் போறார்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார். சிறி பாட்டு ஓடுகிறது என்று கையைக் காட்டினான். பவளம் எழுந்து ஸ்பீக்கரிடம் போய் அதன் துணியில் உள்ளங்கையை வைத்தாள். அது அதிர்வதை உணர்ந்து, கையை எடுக்காமல் மகனைப் பார்த்தாள்.

"ஓடுதுதான். அப்ப ஏன் எனக்கு அவர் என்ன பாடுறார் எண்டு விளங்கேல்லை?"

சிறிக்கு அப்பா வைத்த கோடுகளின் படிக்கட்டு கண்ணுக்குள் வந்தது. எந்த இடத்தில் ஏறத் தொடங்கியது, எங்கே முட்டியது என்று. அவள் முன்னால் போய் நின்றான்.

"எவ்வளவு காலமா?"

அவள் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போத்தல் பக்டரியிலை நிக்கேக்கையே காது குறையத் துவங்கிட்டுது. நீ கம்பஸிலை படிச்ச நேரம். பிறகு கூடிக் கூடி வந்திட்டுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அவன் கத்தினான். சாவீட்டில் கத்தக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். "என்னட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு ஏன் பேசாமல் இருந்தவர்?"

"நான்தான் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினனான். காதிலை மெஷின் பூட்டினால் சனம் செவிடி எண்டும். உனக்கும் கவலை." அவள் பெட்டியைப் பார்த்தாள். "ஒவ்வொரு கோடாய்த் தள்ளித் தள்ளி, கேக்குதோ கேக்குதோ எண்டு மூண்டு நாள் இருந்தவர், பாவம்."

பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் நின்ற வெள்ளைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். தகனசாலைக்குக் குறித்த நேரம் தவறினால் அடுத்த குடும்பம் காத்திருக்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். தூக்குவதற்கு ஆறு பேர் பெட்டிக்குக் கிட்ட வந்தார்கள். சிறி திரும்பிய வேகத்தில் அவர்கள் நின்றுவிட்டார்கள். பத்து நிமிடம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் அந்த மனிதரிடம் சொன்னான். கேட்டமாதிரி இல்லை, அடித்தமாதிரி இருந்தது. அவர் அவன் முகத்தையும் பவளத்தின் கை ஸ்பீக்கரில் இருந்ததையும் பார்த்தார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வாசலில் உறுமிக்கொண்டிருந்த காரின் எஞ்சின் நின்றது.

லப்டொப்பை அம்மாவின் காலடியில் வைத்து நிலத்தில் இருந்தான். அப்பாவின் அளவு எங்கும் இல்லை. அவனே அழித்துவிட்டான். மைக்காலும் அதை அளக்க முடியாது. ஐந்தாவது கோட்டை மேலே தள்ளினான்.

"கேக்குதோ, அம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

ஆறாவது. ஏழாவது. அவசரத்தில் ஒரு கோடு வழுக்கியது. தன் கையையே ஓங்கி அடிக்க வேண்டும்போல இருந்தது. "அவசரப்படாதை" என்றாள் பவளம். எட்டாவதைத் தள்ளியபோது ஹோலில் இருந்த ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. ஓதுவாரின் குரல் பிய்ந்து கூசியது. தாளம் சாப்பாட்டுத் தட்டுகள் விழுவதுபோல மோதியது. முன்வரிசையில் இருந்த கணேசலிங்கம் முகம் சுளிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துத் தன் இரண்டு கையாலும் அதன் காதை மூடினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா.

சிறி இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

பவளம் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தாள். நடந்து வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றாள். உதடு ஒரு சொல் பிந்தி ஓதுவாரோடு அசையத் தொடங்கியது. பிறகு சேர்ந்துகொண்டது. ஆறு பேரும் கைப்பிடிகளில் கையை வைத்தபடி அசையாமல் நின்றார்கள். பெட்டியின் விளிம்பில் அவளுடைய ஒரு விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.