துடைத்து வைத்த தொட்டி

அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தராசக்கா என்றால்தான் தெரியும். பதினெட்டு வருடமாகப் பன்றிகளுக்குத் தீவனம் கலந்து, எடைபோட்டு வைப்பது அவள் வேலை. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. "வீட்டுச் சோத்தையே நிறுத்துத்தான் போடுறா" என்று பேருந்து ஓட்டும் அவள் கணவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் பாதி குறை, பாதி பெருமை.

இந்த முறை, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். எந்தத் தீவனம் பன்றியின் இரைப்பையில் எவ்வளவு நேரம் தங்குகிறது? ஆறு பன்றிகளுக்குப் பச்சை வாளியில் வெறும் மாவுத் தீவனம். ஆறு பன்றிகளுக்குச் சிவப்பு வாளியில் தவிடும் உமியும் தூக்கலாகச் சேர்த்தது. ஒவ்வொன்றின் விலாப்பக்கத்திலும் மூடி போட்ட சின்னக் குழாய் பொருத்தியிருந்தது. அதன் வழியாக மணிக்கொரு தரம் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். உமி சேர்ந்தது மெதுவாகத்தான் இறங்கும். போன மாதம் முன்னோட்டம் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

இப்போதோ தீவனம் வைத்த நாலாவது மணி நேரத்தில் பன்னிரண்டு வயிறும் ஒன்றுபோலக் காலி. டாக்டரம்மா தீவன அறைக்கே வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. வாளி எங்கேயாவது மாறிப்போச்சா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "பதினெட்டு வருஷத்துல ஒரு வாளி மாறினதில்ல, டாக்டரம்மா."

"மாசக் கடைசியில நம்ம ஆராய்ச்சியைப் பார்க்கக் குழு வர்றாங்க. வாளி மாறிடுச்சுன்னு எழுதிட்டா மறுபடி ஆரம்பிச்சுடலாம். உங்களைக் கொட்டடி கழுவுற வேலைக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! சம்பளம் அதேதான் வரும், தெரியும். ஆனால் தராசக்கா கை தவறினாள் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அவளிடம் என்ன மிச்சம்?

கலக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, தேதி ஒட்டி அடுக்கிவைப்பது அவள் வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. டாக்டரம்மா போனதும் சிவப்பு வாளிக் குப்பிகள் இரண்டை எடுத்து வெள்ளைத்தாளில் கொட்டினாள். போன மாதத்தது விரலில் குத்தியது. இந்த மாதத்தது முகப்பவுடர் மாதிரி இருந்தது.

இது அவளே செய்த வேலை. போன மாதம் பார்வையிட வந்த ஒரு பெரியவர், சிவப்பு வாளிப் பன்றிகளின் தீவனத் தொட்டியில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்து, "மிச்சம் வச்சிருக்கே" என்று முகம் சுளித்தார். அவளுக்கு மானமே போனது. நேராக அரவை மில்காரரிடம் போய், "அண்ணே, சின்னக் கண்ணு சல்லடை போட்டு அரைங்க" என்றாள். அன்றிலிருந்து தொட்டிகள் துடைத்து வைத்த மாதிரி பளபளத்தன. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறாள், பைத்தியக்காரி.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட கணவர் பதறினார். "வாயைத் திறக்காத. பன்னி வயித்தைப் பார்க்கப்போய் நம்ம வயித்துல அடிச்சுக்காத."

"நான் வாளியை மாத்தலைன்னு சொல்லணும்னா, அரைக்கச் சொன்னது நான்தான்னும் சொல்லணுங்க. பாதியை மட்டும் சொல்ல எனக்கு வராது."

மறுநாள் காலையில் இரண்டு குப்பிகளையும் டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள். "வாளி மாறல. அரைப்பு மாறிச்சு. மாத்தச் சொன்னது நான்."

டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. தொட்டி சுத்தமா இருக்கணும்னு ஒரு வீம்பு. தப்புதான். என்ன வேணா எழுதுங்க, வாளி மாறுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க."

டாக்டரம்மா இரண்டையும் விரலில் தேய்த்துப் பார்த்தார். "சேர்மானம் அப்படியேதானே?"

"ஒரு கிராம் மாறல."

"அப்போ உமி எவ்வளவுங்கிறது மட்டும் இல்லக்கா, எவ்வளவு கரகரன்னு இருக்குங்கிறதும்தான் வயித்துல நிறுத்திவைக்குது!" குரலில் கோபம் போய்ச் சந்தோஷம் வந்திருந்தது. பிறகு நினைவு வந்தவராக விரலை நீட்டினார். "இனிமே என்னைக் கேக்காம ஒரு சல்லடை மாறக்கூடாது."

"மாறாது."

மூன்றாவதாக ஒரு மஞ்சள் வாளி வந்தது. அதே உமித் தீவனம், நைசாக அரைத்தது. சிவப்பில் பழையபடி கரகரப்பு. குழு வந்த அன்று, நாலாவது மணியில் சிவப்பு வாளிப் பன்றிகளின் வயிற்றில் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. மஞ்சளில் ஏறக்குறையக் காலி.

"இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"எனக்குத் தோணல. அக்கா வச்சிருந்த குப்பி சொல்லிச்சு" என்றார் டாக்டரம்மா. "ஒரு கிராம் மாறலன்னு அவங்க சொன்னா, நாம வேற காரணத்தைத்தான் தேடணும்."

அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

குழுவோடு வந்திருந்த அதே பெரியவர் போகிற வழியில் சிவப்பு வாளிப் பன்றிகளின் தொட்டி முன்னால் நின்றார். அடியில் உமி ஒட்டிக் கிடந்தது. "மிச்சம் வச்சிருக்கே" என்றார் மறுபடியும்.

அவள் கை தானாகத் துணியைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"பதினாலு கிராம் சார். எழுதியாச்சு."