உள்பக்கத்து ஈரம்

உப்பளத்துக்காரனுக்கு மழை என்றால் மூடத்தான் தெரியும். ஐப்பசி பிறந்ததும் பாண்டியராஜ் முள்ளக்காட்டு அளத்தில் குவித்திருந்த உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, காற்றுப் புகாமல் சுற்றிலும் மண்மூட்டை அடுக்கினான். அதே கையோடு வீட்டு முன்னால் நின்ற பழைய காரையும் அப்படியே மூடினான். அளம் ஓடாத மாதங்களில் காருக்கு ஏது வேலை? உள்ளே ஈரம் தங்கக் கூடாதென்று சீட்டுக்கு அடியில் கல்லுப்பை மூட்டை மூட்டையாக வைத்தது அவனுடைய சொந்த மூளை. உப்பு ஈரத்தை இழுக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இழுத்த உப்பு கரைந்து எங்கே போகும் என்பதை மட்டும் அந்தப் பெரிய மூளை யோசிக்கவில்லை.

அவன் மனைவி சரண்யாதேவி மூச்சிழுப்பு நோய்க்காரி. வெயில் தலைகாட்டிய நாளெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

"கதவத் தொறந்து காத்தாட விடுங்க. வண்டி என்ன அம்பாரமா?"

அவன் சிரித்து மழுப்பிவிடுவான்.

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விடாமழையில் ஒரு சாயங்காலம் அவளுக்கு இழுப்பு கண்டது. இதுவரை வந்த எதுவும் இப்படி இல்லை. மருந்தை உறிஞ்சியும் கேட்கவில்லை, உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், ஆத்தூர்ப் பக்கம் தண்ணீரில் மாட்டியிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். பாண்டியராஜ் காரிடம் ஓடினான். மண்மூட்டைகளை எத்தித் தள்ளித் தார்ப்பாயை உருவினான்.

கதவைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் முகத்தில் அறைந்தது. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்து வழிந்தது. சீட்டில் பச்சைப் பூசணம். மூட்டைகள் சூம்பிக் கிடந்தன. கரைந்த உப்புத் தண்ணீர் காலடி விரிப்பில் ஊறிச் சளசளத்தது. இந்த வண்டியிலா இழுப்புக்காரியை ஏற்றுவது? வேறு வழி? பக்கத்து வீட்டு அற்புதமணி அண்ணாச்சி ஒரு பக்கம் தாங்க, அவளை முன்சீட்டில் உட்கார வைத்தான். வண்டி எப்படியோ கிளம்பிவிட்டது. ஏசி மட்டும் துருவேறிச் செத்திருந்தது.

ஆஸ்பத்திரியை நோக்கித் திருச்செந்தூர் சாலையில் ஏறியதும் முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. வெளியே வைப்பர் ஆடி என்ன பயன், உள்ளே அல்லவா மறைக்கிறது. கையால் துடைத்தான், துடைத்த இடம் உடனே மங்கியது. எதிரே வந்த லாரி விளக்கு ஒரு மஞ்சள் கறையாகத் தெரிந்து, மயிரிழையில் விலகிப் போனது. அவளும் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் விட்ட மூச்சே கண்ணாடியில் படிந்தது. பயம் எரிச்சலாக மாறி அவன் கத்திவிட்டான்.

"ஏளா, ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு. அந்தப் பக்கமா திரும்பி மூச்சு விடு."

அவள் இடப்பக்கச் சன்னலில் நெற்றியைச் சாய்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, கண்ணில் மழை குத்த ஓட்டினான்.

முத்தையாபுரம் தாண்டும்போது முன்கண்ணாடி தெளியத் தொடங்கியது. சாலையின் வெள்ளைக்கோடு தெரிந்தது. தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் தெரிந்தன. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முருகன் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டு வேகமாக மிதித்தான்.

"இந்தா வந்துட்டோம்ளா" என்றான். திரும்பிப் பார்த்தான்.

அவள் பக்கத்துச் சன்னலும் தெளிவாக இருந்தது. வாய் கண்ணாடியை ஒட்டி இருந்தும் அங்கே மங்கல் இல்லை.

நடுரோட்டில் வண்டியை நிறுத்தினான். தோளைப் பிடித்து உலுக்கினான். தலை அவன் கைப்போக்கில் ஆடியது. இத்தனை நேரம் எது மறைக்கிறதென்று கத்தினானோ அந்தக் கண்ணாடியைப் பார்த்து, மறைத்துவிடு, கொஞ்சமாவது மறைத்துவிடு என்று கும்பிட்டான். தன் பக்கக் கண்ணாடியை ஏற்றினான். தன் மூச்சு குறுக்கே வந்துவிடக் கூடாதென்று அடக்கிக்கொண்டு, அவள் வாயருகே குனிந்து கண் கொட்டாமல் பார்த்தான்.

நெஞ்சு வெடிக்கிற மட்டும் அடக்கினான். தாங்காமல் விட்டபோது கண்ணாடி மங்கியது. அது அவனுடைய மூச்சு.